மூன்று ஊருக்கு ஒரு கோகிலா

கோகிலா அன்றைக்கு ஆம்பளைச் செருப்புப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்பக்க அறையில் மாதக் கூட்டம். வெயில் காலம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதிவேடுகளை மார்போடு அணைத்தபடி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எங்கள் செருப்புகளுக்கு நடுவே நீலப் பட்டை வைத்த பெரிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி தனியாகக் கிடந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரருதுங்கம்மா. என்னுது காலுக்குப் பத்தலீங்க" என்று கோகிலா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை.

கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் அலட்சியமாக இருக்கக்கூடாது என்று முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் நான். கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார், குழி விழுந்தால் உடனே பிரஷர் பார் என்று எத்தனையோ நர்ஸுகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அந்தக் கால்கள் வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தன. நான் தடுப்பூசிப் பட்டியலைக் கேட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் பார்த்த பிரசவங்களையும் பிழைத்த பிள்ளைகளையும் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி போன மாதம் போனில், "எல்லாம் நல்லாத்தான் எழுதறீங்க அக்கா. கோகிலா கதைய எழுத மாட்டீங்களா?" என்று கேட்டாள். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கோகிலா என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஊர்ப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஆறில் மூன்று

நான் அப்போது பகுதி சுகாதார செவிலியர். அதாவது ஆறு துணை சுகாதார நிலையங்களுக்கும் அங்கே இருக்கிற கிராம நர்ஸுகளுக்கும் மேலே இருந்து பார்த்துக்கொள்வது. ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ் என்று படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி எனக்குக் கீழே ஆறு பேர் இருக்க வேண்டும்.

இருந்தது மூன்று பேர். ஒருத்தி ஓய்வு பெற்றாள், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒருத்தி கலந்தாய்வில் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தி முதுகெலும்பு ஆபரேஷனுக்காக நீண்ட விடுப்பில் இருந்தாள். கொரோனா அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்த நாட்களில் ஓடிய ஓட்டத்தில் எல்லோருக்குமே ஏதோ ஒன்று தேய்ந்து போயிருந்தது.

காலியிடம் என்று நாங்கள் எழுதுவதில்லை. பக்கத்து நர்ஸின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் "பொறுப்பு" என்று போடுவோம். அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் ஒரு பெயர் வந்துவிடும். மேலே இருப்பவர்கள் பார்த்தால் எந்த ஊரும் காலியாகத் தெரியாது. அந்தக் கட்டங்களை மாதா மாதம் நிரப்பி அனுப்பியது நான்தான்.

கோகிலாவின் சொந்த இடம் மேட்டுக்காடு. பொறுப்பு, குட்டைக்காடும் பள்ளக்காடும். மூன்றும் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் சிதறிக் கிடக்கிற ஊர்கள். மேட்டுக்காட்டில் தறிப் பட்டறைகள், சத்தம் ஓயாது. குட்டைக்காட்டில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டுகள். பள்ளக்காட்டைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள். அங்கே வேலைக்கு வந்திருந்த வடக்கத்திக் குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆனால் அவர்களுக்கும் பிள்ளை பிறந்தது. ஊசி போட வேண்டும். பேர் கேட்டு, பாஷை புரியாமல் விரலால் மாதம் எண்ணி, அவர்களையும் கோகிலாதான் எழுதிக்கொண்டாள்.

ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்துப் பெண் அவள். ரொம்பப் பேச மாட்டாள். தன் ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் தடுப்பூசிப் பெட்டியை வைத்து, அதன்மேல் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு ஓட்டுவாள். வயிறு பெரிதான பிறகு பெட்டியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள். வீட்டுக்காரர் சேகர் போர் போடுகிற ரிக் வண்டி டிரைவர். வருடத்தில் பத்து மாதம் வெளிமாநிலத்தில் இருப்பார். மேட்டுக்காடு நிலையத்தின் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

நான் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு பெருமை

இங்கே பழைய விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் இரண்டாவது மகனுக்கு வலி எடுத்தபோது நான் ஓமலூர் பக்கத்தில் ஒரு ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசித் தெருவில் நாலு வீடு பாக்கி. அதையும் முடித்துவிட்டு, வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டவுன் பஸ் ஏறி நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது வலியில் பதில் சொல்ல முடியவில்லை. போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது.

வேலைக்கு வந்த ஒவ்வொரு புது நர்ஸிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். சிரிப்புக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் கேட்கிறவளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நான் அப்படி இருந்தேன், நீயும் அப்படி இரு என்றுதானே சேரும்.

கோகிலாவிடமும் சொல்லியிருந்தேன். அவள் உண்டாகியிருக்கிறேன் என்று வந்து சொன்ன அன்றைக்கே.

"அதுவுந்தானுங்க"

அந்தச் செருப்புக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவள் மட்டும் நின்றாள். நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள், தட்டம்மை சிறப்பு முகாம் வேறு, இரண்டுக்கும் சேர்த்து மூன்று வாரம்தான் இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள்.

"லீவா?" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

"அதுவுந்தானுங்க."

லீவு என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. பேறுகால விடுப்பு ஒரு வருடம். அவள் போனால் மூன்று ஊருக்கும் ஆள் கிடையாது. மீதி இருந்த இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நான் பேனாவை வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். ஆய்வைப் பற்றிச் சொன்னேன், முகாமைப் பற்றிச் சொன்னேன். லீவை இப்போதே எடுத்துத் தீர்த்துவிட்டால் பிள்ளையோடு இருக்க நாள் குறையும் என்று அவளுக்கு நல்லது சொல்வது போலவும் சொன்னேன். கடைசியில், "மூணே வாரம் ஓட்டிரு சாமி. அப்புறம் நானே எழுதித் தாரேன்" என்றேன்.

எங்கள் பக்கம் பெரியவர்களையும் சாமி என்போம், பிள்ளைகளையும் சாமி என்போம். அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன்.

பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு "சரிங்கம்மா" என்று எழுந்தாள். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளக்காடு அங்கன்வாடி

மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை. புதன் என்றால் எல்லா ஊரிலும் ஊசி நாள். ஆள் இல்லாத வேறொரு ஊரில் நானே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். பள்ளக்காடு அங்கன்வாடி டீச்சர் ராஜாமணியிடமிருந்து போன் வந்தது.

"மேடமுங்க, நர்சம்மாவுக்குக் கண்ணு மங்கலாத் தெரியுதுங்களாமா. மண்டைய வலிக்குதுன்னு காலைல இருந்தே சொல்லிட்டிருந்தாங்க. இப்ப சுவத்துல சாஞ்சுட்டாங்க."

எங்கள் வேலையில் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பிரஷர் ஏறிக் கண் மங்குகிறது என்றால் அடுத்தது ஜன்னி, அதாவது வலிப்பு. ஜன்னி வந்துவிட்டால் தாயும் நம் கையில் இல்லை, பிள்ளையும் இல்லை. 108-க்குச் சொல்லச் சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். வரிசையில் இருந்த தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. வண்டியை எடுத்தேன்.

மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே எட்டு கிலோமீட்டர். அந்த ரோட்டில் எனக்குத் தெரியாத குழி கிடையாது. அன்றைக்கு எல்லாக் குழியிலும் விழுந்தேன்.

நான் போனபோது அங்கன்வாடியில் இருபது தாய்மார்களாவது இருந்திருப்பார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. கோகிலா பாயில் படுத்திருந்தாள். கோழிப்பண்ணையில் வேலை செய்கிற வடக்கத்திப் பெண் ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைக்குழந்தை பக்கத்தில் தரையில் கிடந்து கையைச் சப்பிக்கொண்டிருந்தது.

கோகிலாவின் முகம் அவள் முகம் மாதிரி இல்லை. இமை இரண்டும் வீங்கிக் கண் கோடாக இருந்தது. "ஆருங்க, அம்மாங்களா?" என்றாள். எதிரில் நிற்கிற என்னை அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய கருவியை எடுத்தே பிரஷர் பார்த்தேன். நூற்றெண்பது, நூற்றிருபது. நம்பாமல் இன்னொரு கையில் பார்த்தேன். அதேதான்.

"அம்மா, பொட்டி தொறந்து கெடக்குதுங்க. ஐஸ் உருகிப்போயிரும். மூடச் சொல்லுங்க" என்றாள். ராஜாமணி போய் மூடினாள்.

அட்டை

ஆம்புலன்ஸில் கேட்பார்கள் என்று அவளுடைய தாய் சேய் அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன்.

கர்ப்பிணிகளுக்கு மாதா மாதம் பிரஷர், எடை, சிறுநீர் எல்லாம் பார்த்து அதில் எழுதுவது அந்த ஊர் நர்ஸின் வேலை. கோகிலா குடியிருந்தது மேட்டுக்காட்டில். மேட்டுக்காட்டு நர்ஸ் கோகிலா. அதனால் அவள் அட்டையை அவளேதான் எழுதியிருந்தாள்.

நூற்றிருபது, எண்பது. நூற்றிருபது, எண்பது. நூற்றுப்பத்து, எழுபது. மறுபடியும் நூற்றிருபது, எண்பது. சிறுநீரில் உப்பு இல்லை, இல்லை, இல்லை. அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். முப்பது வருடம் பதிவேடு பார்த்தவளுக்கு இது பார்த்து எழுதியதா, பார்க்காமல் எழுதியதா என்று ஒரு நொடியில் தெரியும்.

அந்த வரிசைக்குக் கீழே மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு மாதமும். கூட்டத்தில் அட்டைகளையும் பதிவேடுகளையும் அடுக்கி வைப்பார்கள், நான் போட்டுக்கொண்டே போவேன். அதில் இதுவும் ஒன்றாக வந்து போயிருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. எங்கள் டாக்டரம்மா சுகாதார நிலைய வாசலிலேயே நின்றிருந்தார். ஜன்னிக்கான ஊசியைப் போட்டு, வண்டியிலிருந்து இறக்காமலே சேலத்துக்கு அனுப்பினார். நான் கூடவே போனேன். சங்ககிரியைத் தாண்டும்போது அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். வழி முழுக்க விடவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொட்டுச் சொட்டாக இறங்குகிற குளுக்கோஸையே பார்த்துக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கோகிலாவுக்கு இரண்டு நாள் நினைவு சரியாகத் திரும்பவில்லை.

ஆறாம் நாள்

ராசிபுரத்திலிருந்து அவள் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். சேகர் எங்கிருந்தோ இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தார். எண்ணெய்க் கறை போகாத சட்டையோடு வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். உங்களால்தான் பிழைத்தாள் என்று அவர் சொன்னபோது அந்த இடத்திலிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆறாம் நாள் கோகிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவள் அம்மா டம்ளர் கழுவப் போயிருந்தார். அப்போது கேட்டேன். அட்டையைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒருக்காப் பார்த்தேனுங்க. அந்த மீட்டிங் அன்னிக்குக் காத்தால. நூத்தம்பதுக்கு நூறு இருந்துச்சுங்க. அதைச் சொல்லத்தான் நின்னேன்."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க மூணு வாரம்னு சொன்னீங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க. நான் போயிட்டா ஆரு வருவாங்க? அதுக்கப்பறம் மெசினை எடுக்கவே இல்லீங்கம்மா. பார்த்தாத் தெரிஞ்சு போயிருமல்லங்க."

ஐந்தாம் மாதம் வரை திருச்செங்கோட்டில் ஸ்கேனுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். பிறகு டாக்டர் கொடுத்த இரண்டு தேதியும் புதன்கிழமையாக அமைந்துவிட்டது. புதன்கிழமை மூன்று ஊரிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள். போகவில்லை.

இதையெல்லாம் அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. எந்த ஊரில் எத்தனை பேருக்கு ஊசி பாக்கி என்று கூட்டத்தில் சொல்வாளே, அதே குரல்தான்.

விளக்கம் கேட்டு ஒரு கடிதம்

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மேலிருந்து ஒரு கடிதம் வந்தது. கர்ப்பிணியின் அட்டையில் பொய்யான பதிவு செய்ததற்கு விளக்கம் தர வேண்டும் என்று கோகிலாவின் பேருக்கு வந்திருந்தது. அந்தக் கர்ப்பிணியும் அவள்தான் என்பதை எழுதியவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதிலை நானே எழுதினேன். மூன்று இடங்களுக்கு ஒருத்தியைப் போட்டது, அவள் கேட்ட விடுப்பைத் தள்ளிப்போட வைத்தது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, மூன்றையும் செய்தது நான் என்று எழுதினேன். அந்த மாத அறிக்கையில் குட்டைக்காட்டுக்கும் பள்ளக்காட்டுக்கும் எதிரே முதல் தடவையாக "ஆள் இல்லை" என்று எழுதினேன். கிளார்க் கூப்பிட்டு, பொறுப்பு யார் என்று போடுங்கள் மேடம், கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றார். வேறு வழி தெரியாமல் என் பெயரையே போடச் சொன்னேன்.

கோகிலாவின் மேல் நடவடிக்கை இல்லாமல் விட்டார்கள். எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அந்த ஒன்றரை வருடமும் மூன்று ஊருக்கும் நான்தான் போனேன். முழங்கால் வலியோடு ஸ்கூட்டரில் இருந்து இறங்கி ஏறும்போதெல்லாம், எட்டு மாத வயிற்றோடு இதைச் செய்தாளே என்று நினைத்துக்கொள்வேன். நான் ஓய்வு பெற்ற நாளில் மேட்டுக்காட்டோடு சேர்த்து மூன்றும் காலியாக இருந்தன. இப்போது மேட்டுக்காட்டுக்கு மட்டும் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்வி. மற்ற இரண்டுக்கும் அவள்தான் பொறுப்பாம்.

ராசிபுரத்தில்

பிள்ளை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தது. கோகிலா விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அரசாங்க வேலையை விடுவதா என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லையாம். ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறாள் என்று சேகர் சொன்னார்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனவள், மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஒல்லியாக, துறுதுறுவென்று, கண்ணுக்கு மட்டும் தடித்த கண்ணாடி போட்டிருந்தது. குறைமாதத்தில் பிறந்ததால் வந்தது. நான் வாங்கிப் போன பிஸ்கட்டை வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணித் தரையில் வரிசையாக அடுக்கியது.

கோகிலா காபி போட்டுக் கொடுத்தாள். பிரஷர் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள். மேட்டுக்காட்டில் யார் யார் வீட்டில் என்னென்ன விசேஷம் என்று கேட்டாள். பள்ளக்காட்டில் அவள் தலையை மடியில் தாங்கிய அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். கோழிப்பண்ணை மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று வருத்தப்பட்டாள்.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்கம்மா. நெசமாலுமே இல்லீங்க. ஆனா நீங்க அப்பப்ப போன் பண்றீங்களே, உங்க பேரைப் பார்த்தாலே இன்னும் நெஞ்சு அடிச்சுக்குதுங்க. ஏதோ ஒரு ஊருக்கு ஓடோணும்னு நெனச்சு எந்திரிச்சு நின்னுர்றேன். இனிமேப் பண்ணாதீங்கம்மா."

சரி என்றேன். பஸ் வந்தது. அவள் என் பையை வாங்கிப் படியில் வைத்துவிட்டு, நான் உட்காரும் வரை நின்றாள்.

பஸ் ஆண்டகளூர்கேட் நிறுத்தத்துக்கு வருவதற்குள் போனை எடுத்து அவள் எண்ணை அழித்துவிட்டேன். அவள் வேலையில் இருந்தபோது காலை ஆறு மணியிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் கூப்பிட்ட எண். பத்து இலக்கமும் இன்னும் எனக்கு மனப்பாடமாகத்தான் இருக்கிறது.